பாட்டுக்கு மார்க் வேண்டாம், பதில் வேண்டும்

புதுப் படம் வெளியான மறுநாளே பத்திரிகையில் விமர்சனம் வந்துவிடுகிறது. கதை எங்கே தொய்கிறது, நாயகன் எப்படி, ஒளிப்பதிவு எப்படி, இடைவேளைக்குப் பின் என்ன ஆயிற்று என்று அலசி முடித்துவிட்டு, கடைசிப் பத்திக்குச் சற்று முன்பாக இசைக்கு ஒரு வரி போடுகிறார்கள்: "பாடல்கள் கேட்கும் ரகம். பின்னணி இசை படத்துக்குப் பலம்." இசையமைப்பாளரும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் மாதக்கணக்கில் உழைத்ததற்குக் கிடைக்கும் மறுமொழி அவ்வளவுதான். படத்தோடு சம்பந்தமில்லாத ஆல்பம் என்றால் அந்த ஒரு வரியும் கிடையாது. சென்னையில் ஒரு ராப் பாடகர், யாழ்ப்பாணத்தில் ஓர் இசைக்குழு, கோலாலம்பூரில் ஒரு பெண் என்று யாராவது முழு ஆல்பம் ஒன்றைச் செய்து வெளியிட்டால், அதை எத்தனை லட்சம் பேர் யூடியூபில் பார்த்தார்கள் என்பது செய்தியாகிறது. அதில் என்ன இருக்கிறது, எது தேறியது, எது தேறவில்லை என்று தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு.

தமிழ் நாளிதழ்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது புதிய ஆல்பங்களுக்கு முறையான விமர்சனம் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. நான் பிறந்து வளர்ந்தது கொல்கத்தாவில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர் அப்பா. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த லேக் மார்க்கெட் தெருக்களில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுப்பது என் தொழில். ஓர் ஆல்பத்தை ஊரே கூடி விவாதித்தால் என்ன நடக்கும், விவாதிக்காமல் விட்டால் என்ன ஆகும், விவாதம் நடக்க வேண்டிய இடத்தில் அதிகாரம் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் இந்த ஊரின் இசை வரலாறு காட்டியிருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

இந்திய இசைத்தட்டின் கதை தொடங்கியதே இங்கேதான். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க் இங்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளிலேயே சியால்தா பக்கத்தில் இசைத்தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்தது. 1928-ல் டம்டமில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் சுழன்ற, அந்தக் கம்பெனியின் ஹெச்.எம்.வி. தட்டுகளில் ஏராளமானவை இந்த டம்டமில் அச்சானவைதான்.

நமக்குத் தீபாவளி மலர் எப்படியோ, வங்காளிகளுக்கு அப்படித் துர்கா பூஜைப் பாட்டு. படத்தில் வராத, பூஜைக்கென்றே புதிதாக எழுதி மெட்டமைத்த பாடல்கள். ஹேமந்த முகர்ஜி, மன்னா தே, சந்தியா முகர்ஜி, லதா மங்கேஷ்கர், கிஷோர் குமார் என்று எல்லோரும் பூஜைக்குப் பாடினார்கள். பாடகர்களின் படங்களோடு பாட்டு வரிகளையும் அச்சிட்டு 'ஷாரத் அர்க்ய' என்ற சிறு புத்தகத்தை ஹெச்.எம்.வி. வெளியிடும். அப்பா வங்காள எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அந்தப் புத்தகத்தை வைத்துத்தான். பூஜைப் பந்தலில் ஒலிபெருக்கி கட்டிய அன்றே விவாதம் தொடங்கிவிடும். 'ரோயாக்' என்று இங்கே சொல்லும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, இந்த வருஷம் யாருடைய மெட்டு பழைய மெட்டின் நகல், யாருடைய தட்டில் பின்பக்கத்துப் பாட்டு முன்பக்கத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். கடைக்காரரும் பேசுவார், கல்லூரி ஆசிரியரும் பேசுவார். ஒருவர் நன்றாக இல்லை என்றால், ஏன் என்று இன்னொருவர் விடாமல் கேட்பார். பாட்டைப் பற்றிய கருத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதை நான் அந்தத் திண்ணையில்தான் கற்றேன்.

அந்த விவாதங்களில் அடிக்கடி வந்து நிற்கும் தட்டு ஒன்று உண்டு. 1949-ல் சலில் சௌத்ரி இசையமைத்து ஹேமந்த முகர்ஜி பாடிய 'காயேர் பொது'. 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். இந்தப் பாட்டு அதில் அடங்காமல் இரண்டு பக்கமும் ஓடியது. கேட்பவர் நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டால்தான் கதை முடியும். நிறைவாக வாழும் ஒரு கிராமத்து மருமகள், பிறகு வந்து சேரும் பஞ்சம் என்று நீளும் கதைப் பாட்டு அது. 1943 வங்கப் பஞ்சத்தைப் பார்த்த தலைமுறை கேட்ட பாட்டு. பல்லவி, சரணம் என்ற வழக்கமான கட்டை உடைத்துவிட்டு, கதை போகும் போக்கில் மெட்டையும் தாளத்தையும் சலில் மாற்றிக்கொண்டே போகிறார். இது பாட்டா, நாடகமா, கட்சிப் பிரசாரமா என்று கேட்டவர்களும் உண்டு. பிற்காலத்தில் 'அழியாத கோலங்கள்' படத்துக்கு இசையமைத்தவர் என்ற முறையில் நமக்கும் தெரிந்தவர் சலில். அவருடைய முதல் பெரிய துணிச்சலை இந்த ஊர் பேசிப் பேசித்தான் தனதாக்கிக்கொண்டது.

அதிகாரம் குறுக்கே வந்த கதையும் இந்த ஊரில் உண்டு. ராஷ்பிஹாரி அவென்யூவில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் வாழ்ந்தவர் தேவபிரத பிஸ்வாஸ். ஊருக்கு ஜார்ஜ்தா. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ரவீந்திர சங்கீதம் எனப்படும் தாகூர் பாடல்களைப் பாடினார். ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா', 'கோமல் காந்தார்' படங்களில் அவர் குரலைக் கேட்டவர்கள் மறக்க முடியாது. அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல். சொல்லை விழுங்காமல், இழுத்து அழகுபடுத்தாமல், நேரே வந்து நிற்கும் பாட்டு. தாகூர் பாடல்களுக்கு அன்று காப்புரிமை விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அதன் இசை வாரியம் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பாட்டு தட்டில் வர முடியும். 1960-களில் அந்த வாரியம் ஜார்ஜ்தாவின் சில பதிவுகளுக்கு ஆட்சேபம் தெரிவித்தது. வாத்தியங்கள் மிகுதி, பாடும் முறையில் உணர்ச்சி மிகுதி என்பது போன்ற குறைகள். அவர் வாதாடிப் பார்த்தார். 1970-களின் தொடக்கத்தில் ரவீந்திர சங்கீதம் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். 1980-ல் காலமானார். அவருடைய சுயசரிதைக்கு 'விலக்கப்பட்டவனின் அடைபட்ட இசை' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார்.

வாரியம் சொன்ன குறைகளைத் தனியே எடுத்துப் பார்த்தால், ஓர் இசை விமர்சகர் எழுதக்கூடியவைதான் அவை. பின்னணியில் வாத்தியங்கள் அதிகம் என்று எழுதுவதில் தப்பே இல்லை. ஒரு விமர்சகர் எழுதியிருந்தால் இன்னொருவர் மறுத்து எழுதியிருப்பார், ரசிகர் கடையில் தட்டை வாங்கித் தானே முடிவு செய்திருப்பார். வாரியத்திடம் கருத்தோடு சேர்ந்து பூட்டும் சாவியும் இருந்தன. அதனால் ஒரு பெரும் பாடகரின் கடைசிப் பத்தாண்டு தாகூர் பதிவுகள் இல்லாமலே கழிந்தது. 2001 இறுதியோடு அந்தக் காப்புரிமை முடிந்தது. இன்று தாகூர் பாட்டை யார் எப்படி வேண்டுமானாலும் பாடுகிறார்கள், கிடார் வைத்துப் பாடுகிறார்கள், டிரம்ஸ் வைத்தும் பாடுகிறார்கள். தாகூருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

நம் வீட்டுப் பெண் ஒருத்திக்கும் இதே ஊரில் அதிகாரம் குறுக்கே வந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா ஐயர், சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் பாடத் தொடங்கி, 1969-ல் இங்கே பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ் உணவகத்துக்கு வந்தார். பட்டுப்புடவை, பெரிய பொட்டு, தலையில் பூ, ஆண்குரலுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் கனத்த குரல். பின்னாளில் உஷா உதுப் என்ற பெயரில் நாடறிந்தவரானார். 1980-களில் இடதுசாரி அரசின் பொதுப்பணித் துறை அமைச்சர் யதீன் சக்ரவர்த்தி அவர் பாட்டைப் பண்பாட்டுச் சீரழிவு என்று சொல்லி, அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை போட்டார். உஷா நீதிமன்றம் போய் ஜெயித்தார். 2024-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. டிரிங்காஸில் அவர் பாடிய ஆங்கிலப் பாட்டுகள் நகல்கள்தானா, அவற்றில் அவருடைய தனிக்குரல் எது என்று கேட்பது நியாயமான விமர்சனம். அரங்கின் கதவைப் பூட்டுவது விமர்சனத்தின் வேலை ஆகாது. விமர்சகருக்கு அதிகாரம் இல்லாமல் இருப்பதுதான் அவருடைய பலம். தன் காரணங்களால் மட்டுமே அவர் வாசகரை வெல்ல முடியும்.

தடையைவிடக் கொடியது ஒன்று உண்டென்றால் அது மௌனம். 1970-களின் நடுவில் தெற்குக் கொல்கத்தாவின் நாக்தலாவைச் சேர்ந்த கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் 'மொஹீனேர் கோராகுலி' என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். 1977, 1978, 1979 என்று மூன்று சிறு தட்டுகள் வெளியிட்டார்கள். கிடாரோடு வங்காள நாடோடிகளின் பவுல் பாட்டின் சாயலும், ஆபிரகாம் மஜும்தாரின் வயலினும், நகரத்து இளைஞனின் அன்றாடக் கவலையும் கலந்த பாடல்கள். ஒரு சிறு வட்டம் கேட்டது, பெரும்பாலோர் பொருட்படுத்தவே இல்லை. எதிர்த்துத் திட்டியிருந்தாலாவது பத்துப் பேர் என்னவென்று கேட்டிருப்பார்கள். 1981-ல் குழு கலைந்தது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1995-ல் 'ஆபார் பொச்சோர் குரி போரே' என்ற தொகுப்பைக் கௌதம் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் வெளியிட்டபோது அடுத்த தலைமுறை அதைக் கொண்டாடியது. 1999-ல் கௌதம் இறந்துபோனார். 2006-ல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் 'பீகி பீகி' வழியாக அவர்களுடைய ஒரு மெட்டு நாடெங்கும் ஒலித்தது. கௌதமின் மகன் காபு 'லக்கீச்சாரா' குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். பின்னாளில் பெருமை வந்ததே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது என்பேன். 1977-ல் அந்த முதல் தட்டைக் கையில் எடுத்து, இதில் வயலின் ஏன் இப்படி வருகிறது, சொற்கள் ஏன் மெட்டுக்குள் நெளிகின்றன, எது புதிது, எது இன்னும் பழுக்கவில்லை என்று சில பேர் பெரிய பத்திரிகைகளில் எழுதியிருந்தால், அந்தக் குழு நான்காவது தட்டைச் செய்திருக்குமோ என்னவோ. வளர வேண்டிய வயதில் கலைஞனுக்குத் தேவைப்படுவது கருத்து. இருபது வருஷம் கழித்து வரும் மாலையால் அதை ஈடுகட்ட முடியாது.

விவாதம் சரியாக நடந்ததற்கும் இங்கே உதாரணம் இருக்கிறது. 1992-ல் சுமன் சட்டோபாத்யாயின் 'தொமாகே சாய்' ஹெச்.எம்.வி. கேசட்டாக வந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவிலும் ஜெர்மன் வானொலியிலும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய, நாற்பதைத் தாண்டிய மனிதர். வார்த்தையும் மெட்டும் குரலும் வாத்தியமும் அவரே. வீட்டுக்கு வீடு சண்டை. ரவீந்திர சங்கீதம் படித்த பெரியவர்கள் இது பாட்டே இல்லை, பேச்சு என்றார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இதுதான் பாட்டு என்றார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 'ஜீவன்முகி', அதாவது வாழ்வை நோக்கிய பாட்டு என்று பெயரிட்டார்கள், அந்தப் பெயர் பொருந்துமா என்றும் அடித்துக்கொண்டார்கள். 1993-ல் நச்சிகேதாவின் 'ஏய் பேஷ் பாலோ ஆச்சி', 1994-ல் அஞ்சன் தத்தின் 'ஷுன்தே கி சாவ்' என்று அடுத்தடுத்து வந்தன. சந்திரபிந்து, பூமி, ஃபாசில்ஸ் என்று குழுக்கள் வரிசையாக எழுந்தன. கேட்பவர்கள் காரணத்தோடு பேசிக்கொண்டிருந்த ஊரில் புதிதாகப் பாட வந்தவர்களுக்குத் தைரியம் இருந்தது.

விமர்சனம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதை அந்த ஆல்பத்தை வைத்தே காட்டுகிறேன். சுமனின் குரல் ஒலிவாங்கிக்கு மிக அருகில் நிற்கிறது. சுரத்தில் நின்று அசைவு கொடுக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. மெய்யெழுத்துகளை அழுத்தி, பேச்சின் தாளத்திலேயே பாடுகிறார். தலைப்புப் பாட்டு நகரத்து அன்றாடப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும் நீண்ட பட்டியல். மெட்டு ஏறக்குறைய அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவதால்தான் ஒவ்வொரு சொல்லும் புதிதாகக் காதில் விழுகிறது. 'பேட்காட்டி சாந்தியால்' பாட்டில் ரிக்‌ஷா இழுக்கும் பையன் வானத்துப் பட்டத்தைப் பார்க்கும் இடத்தில் மெட்டு மேலே எழும்பும் விதம், பெரிய கச்சேரி வித்வானும் பொறாமைப்படும் அடக்கம். குறையும் இருக்கிறது. அன்றைய சின்தசைசர் ஒலி இன்று மெலிந்து கேட்கிறது. வெறும் கிடாரோடு விட்டிருக்கலாம் என்று சில இடங்களில் எனக்குத் தோன்றும். இதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. மறுப்பவரும் பாட்டை மறுபடி போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நல்ல விமர்சனம் வாசகரை மறுபடி பாட்டிடம் அனுப்புகிறது.

விமர்சகர்கள் தப்பாகச் சொல்லிவிடுவார்களே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சொல்வார்கள். 1969-ல் லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பத்தை 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் ஜான் மெண்டல்சன் கிழித்துத் தொங்கவிட்டார். பின்னாளில் அதே பத்திரிகை தன் மகத்தான 500 ஆல்பங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. அந்தக் கட்டுரை இன்னும் படிக்கப்படுகிறது. அன்று ஒரு காது எதை எதிர்பார்த்தது, புதிய சத்தம் அதை எப்படித் தொந்தரவு செய்தது என்பதற்கு அதுவே சாட்சி. பிழையான விமர்சனமும் தன் காலத்தைப் பதிவு செய்துவைக்கிறது. எழுதப்படாத விமர்சனத்தால் யாருக்கும் பயனில்லை.

மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதல் ஆல்பங்களுக்குப் பள்ளிக்கூடம் போல ஏ, பி, சி என்று கிரேடு கொடுத்தார். 'பிட்ச்ஃபோர்க்' பத்துக்குத் தசமப் புள்ளியோடு மதிப்பெண் கொடுத்தது. நம் ஆனந்த விகடன் படங்களுக்கு மார்க் போட்டதில் '16 வயதினிலே' 62.5 வாங்கியதைப் பலர் இன்றும் சொல்வார்கள். எதற்காக அத்தனை மார்க் கொடுத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் அரிது. எண் மனதில் நிற்கிறது, காரணம் நிற்பதில்லை. யூடியூப் பார்வைக் கணக்குக்கும் இதே குறை உண்டு. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அது சொல்லும். வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைச் சொல்லாது.

பாட்டு இலவசமாகவே கைப்பேசியில் கிடைக்கும்போது விமர்சனம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். காசு கொடுத்துக் கேசட் வாங்கிய காலத்தில் பணம் வீணாகக் கூடாதே என்று விமர்சனம் படித்தோம். பார்க் ஸ்ட்ரீட்டில் இருந்த மியூசிக் வேர்ல்டு கடை 2013-ல் மூடப்பட்டது. அங்கே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டு வாங்கலாம், பக்கத்தில் நிற்பவரிடம் கருத்தும் கேட்கலாம். இன்று ஒரு நாளில் கேட்டுத் தீர்க்க முடியாத அளவுக்குப் புதுப் பாட்டு வந்து குவிகிறது. எதைக் கேட்பது என்பதைச் செயலியின் கணக்கு தீர்மானிக்கிறது. நேற்று கேட்டதைப் போன்ற ஒன்றையே அது இன்றும் கொண்டுவந்து தருகிறது. பழகாத ஒன்றை, இதைக் கேட்டுப் பார், முதலில் கசக்கும், மூன்றாம் பாட்டில் புரியும் என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

தமிழர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. 1930-களிலேயே கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளைப் பற்றிக் காரசாரமாக எழுதினார். கொல்கத்தாவில் பிறந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழுக்காக டெல்லியிலிருந்து எழுதிய சுப்புடுவின் பேனாவுக்கு வித்வான்களும் நாட்டியக் கலைஞர்களும் பயந்தார்கள், பயந்துகொண்டே படித்தார்கள். கச்சேரிக்கு இருந்த அந்த வசதி ஆல்பத்துக்குக் கிடைக்கவில்லை. 1986-ல் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ். நரசிம்மனின் வயலின். பாக் தனி வயலினுக்கு எழுதிய பார்ட்டிட்டாவின் முன்னிசை ஒன்றை எடுத்து, அதன் பக்கத்திலேயே தன் சொந்தக் குரலை நிறுத்துகிறார் இளையராஜா. என் மாணவர்கள் அந்த முன்னிசையைத் தனியாகப் பழகிய பிறகு இந்தப் பதிவைப் போட்டுக் காட்டுவேன். எங்கே பாக் முடிகிறார், எங்கே இளையராஜாவின் பண்ணைப்புரம் தொடங்குகிறது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை தமிழ்ப் பத்திரிகைகளில் நடந்திருக்க வேண்டியது. 2005-ல் 'திருவாசகம்' சிம்பொனி இசையோடு வந்தபோது ஓரளவு நடந்தது. அதிலும் இசையைவிட ஆளைப் பற்றிய பேச்சே மிகுந்திருந்தது.

அதன் பிறகு எவ்வளவோ வந்துவிட்டன. 2006-ல் மலேசியாவின் யோகி பி குழுவின் 'வல்லவன்' தமிழ் ராப்புக்கு ஒரு வாசலைத் திறந்தது. 2017-ல் தொடங்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் பறையையும் ராக் கிடாரையும் ஒரே மேடையில் ஏற்றியது. 2019-ல் அறிவின் 'தெருக்குரல்' வந்தது. இவற்றின் அரசியலைப் பற்றி நிறைய எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். அறிவு ஒரு வரியை எந்த இடத்தில் மூச்சு விட்டு உடைக்கிறார், கானாவின் இழுப்பும் ராப்பின் வெட்டும் ஒரே தாளத்தில் எப்படிச் சேர்கின்றன, ஆல்பத்தின் நடுப்பகுதி தளர்கிறதா என்பதையும் எழுத வேண்டும். கலைஞனைக் கலைஞனாக மதிப்பது அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வகை இசைக்கும் தனிக் காது வேண்டும். ராப் ஆல்பத்தில் ராகம் தேடுகிறவரும், மெட்டல் குழுவிடம் இனிமை கேட்கிறவரும், கானாவில் சுருதிச் சுத்தம் பார்த்து முகம் சுளிக்கிறவரும் அந்த வகையை விமர்சிக்க வரக் கூடாது. கேட்டுப் பழகியவர் எழுதட்டும். இந்த ஊரின் பரேக் அண்ட் சிங் என்ற இருவர் குழு 2019-ல் 'சயன்ஸ் சிட்டி' என்ற ஆங்கில ஆல்பத்தை பிரிட்டனின் பீஸ்ஃப்ராக் நிறுவனம் வழியாக வெளியிட்டது. ஜீவ்ராஜ் சிங்கின் டிரம்ஸ் ஒரு கடிகாரக்காரரின் கவனத்தோடு ஒலிக்கிறது. ஆனால் எல்லாம் அளவுக்கு மேல் துடைத்துப் பளபளப்பாக இருப்பதால், கொல்கத்தாவின் ஓர் இடத்தைப் பெயராகக் கொண்ட ஆல்பத்தில் கொல்கத்தாவின் புழுதியை என்னால் எங்கும் கேட்க முடியவில்லை. அந்த வகை இசையில் ஊறிய என் மாணவி ஒருத்தி, புழுதியிலிருந்து தப்பிக்கும் கனவுதான் அந்த இசையே என்று எனக்குப் பதில் சொன்னாள். அவள் சொன்னதும் நல்ல விமர்சனம். பத்திரிகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும்.

ஆகவே தமிழ் நாளிதழ் ஆசிரியர்களுக்கு என் கோரிக்கை இது. வாரம் ஒரு நாள் நானூறு சொல்லுக்கு இடம் கொடுங்கள். படப் பாடல் ஒன்று, தனி ஆல்பம் ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதட்டும். கானாவும் பக்திப் பாடலும் ராப்பும் ஈழத்துப் பாடலும் மலேசியத் தமிழ்ப் பாடலும் முறை வைத்து வரட்டும். எழுதுபவர் தன் பெயரைப் போட்டு எழுதட்டும். நட்சத்திரமும் மார்க்கும் வேண்டாம். இசை நிறுவனத்தின் விருந்துக்குப் போனவர், இசையமைப்பாளரின் நெருங்கிய நண்பர் என்றால் அந்த வாரம் வேறொருவர் எழுதட்டும். பாட்டில் வாசித்தவர்கள், ஒலிப்பதிவாளர் பெயர்களும் அச்சாகட்டும். கலைஞர் மறுப்பு எழுதினால் அதையும் அதே இடத்தில் வெளியிடுங்கள். ரசிகர் கூட்டம் கோபப்படும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பட விமர்சனத்துக்கு வரும் கோபத்தை நீங்கள் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

மதுரையில் ஒரு பெண் தன் அறையில் உட்கார்ந்து எட்டுப் பாட்டுகளைச் செய்து வெளியிடுகிறாள் என்றால், அவள் நம் எல்லோரிடமும் எதையோ சொல்லியிருக்கிறாள். லைக் பட்டனை அழுத்துவது அதற்குப் பதிலாகாது. கவனமாகக் கேட்ட ஒருவர், தமிழில், காரணத்தோடு, துணிந்து எழுதும் பதில் அவளுக்குக் கிடைக்க வேண்டும். பாராட்டாக இருந்தாலும் சரி, கண்டிப்பாக இருந்தாலும் சரி. விற்பனைக் கணக்கை நிறுவனங்கள் பத்திரமாக வைத்திருக்கும். தமிழர்கள் தங்கள் காலத்துப் பாட்டை எப்படிக் கேட்டார்கள் என்ற கணக்கைப் பத்திரிகைகள்தான் எழுதிவைக்க வேண்டும்.